பசிக்கும் ஒரு விதி வேண்டும்: சில இண்டி ஆர்பிஜிகள் பற்றி

2025 டிசம்பரில் கேம் ஆடுகிறவர்கள் நடுவே ஒரு பெரிய சண்டை ஓடியது. 'கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' என்ற பிரெஞ்சு ஆர்பிஜி, தி கேம் அவார்ட்ஸ் மேடையில் ஒன்பது விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. ஆண்டின் சிறந்த கேம், சிறந்த இண்டி கேம் இரண்டுமே அதற்குத்தான். அந்தச் சூடு ஆறுவதற்குள், இண்டி கேம் அவார்ட்ஸ் என்ற வேறொரு அமைப்பு தான் கொடுத்திருந்த இரண்டு விருதுகளை அதே கேமிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. தயாரிப்பின்போது செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களைக் கொஞ்சம் பயன்படுத்தியிருந்தார்கள் என்பது காரணம். ஆண்டின் சிறந்த கேம் பட்டம் 'ப்ளூ பிரின்ஸ்' பக்கம் போனது.

யார் இண்டி, யார் இண்டி இல்லை என்று அப்போது எல்லாரும் பேசினார்கள். என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். மான்பெலியே நகரத்தில் ஏறக்குறைய முப்பது பேர் கொண்ட மையக் குழு, அதற்கு வெளியே அனிமேஷனுக்கும் சோதனைக்கும் வேறு ஆட்கள், பின்னால் கெப்ளர் என்ற வெளியீட்டாளர் என்று நிற்கிற ஒரு கேமையும், டோண்டா ராஸ் என்ற ஒரு மனிதர் எட்டு வருடம் இழைத்து இழைத்துச் செய்த 'ப்ளூ பிரின்ஸ்' போன்ற ஒரு கேமையும் ஒரே பட்டியலில் வைத்துப் போட்டியிடச் சொல்வது நியாயம் இல்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை கிடையாது. ஆடுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. அட்வெஞ்சர், ஆர்பிஜி இரண்டுமே எழுத்தை நம்பி வாழ்கிற வகைகள். நல்ல எழுத்து வேண்டுமென்றால் நாவல் இருக்கிறது. நல்ல காட்சி வேண்டுமென்றால் சினிமா இருக்கிறது. கேம் மட்டுமே செய்யக்கூடிய காரியம், கதையின் பாரத்தை ஒரு விதியாக மாற்றி என் கையில் கொடுப்பது. கதையில் ஒருவன் பசித்துக் கிடக்கிறான் என்றால், ஆடுகிற எனக்கு அந்தப் பசியால் ஏதாவது நஷ்டம் உண்டா? அவன் ஊரைவிட்டு ஓடிவந்தவன் என்றால், அந்த ஓட்டம் நான் அழுத்துகிற பொத்தானில் எங்காவது தெரிகிறதா? சமீப வருடங்களில் வந்த இண்டி கேம்களை நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். பாராட்டு மழையில் நனைந்த சில கேம்கள் இதில் தேறவில்லை. (கதையின் சில திருப்பங்கள் கீழே வருகின்றன. ஆடாதவர்கள் கவனம்.)

இந்தப் பேச்சை 'டிஸ்கோ எலிசியம்' இல்லாமல் தொடங்க முடியாது. எஸ்டோனியாவில் வேர்விட்ட ஸா/உம் ஸ்டுடியோ 2019ல் வெளியிட்டது. வாள் சண்டை கிடையாது, மந்திரம் கிடையாது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துவிட்ட ஹாரி என்ற போலீஸ்காரன், ஒரு கொலை வழக்கு, இருபத்து நான்கு திறன்கள். அந்தத் திறன்கள் எண்களாக மூலையில் உட்கார்ந்திருப்பதில்லை. ஹாரியின் மண்டைக்குள் ஆளுக்கொரு குரலில் பேசுகின்றன, சண்டை போடுகின்றன, தவறான யோசனை சொல்கின்றன. இரண்டு பகடைகள் உருள்கின்றன, முடிவு வருகிறது.

அதில் ஒரு இடம். தங்கியிருந்த விடுதியின் மேலாளர் பாக்கியைக் கேட்கிறார். பணம் இல்லை. ஓடிவிடலாம் என்று ஒரு வாய்ப்பு திரையில் வருகிறது. பகடை கைகொடுக்காவிட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? ஹாரி ஓடிக்கொண்டே பின்னால் திரும்பி மேலாளருக்கு இரண்டு கையாலும் கெட்ட சைகை காட்டுகிறான். எதிரே சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மாள் இருப்பதை அவன் பார்க்கவில்லை. பெரும்பாலான ஆர்பிஜிகளில் தோல்வி என்றால் பழைய சேவ் கோப்பைத் திறந்து மறுபடி முயல வேண்டியதுதான். இங்கே தோற்றால்தான் இந்த மனிதன் யார் என்பது தெரிகிறது. வெற்றிக்கு எழுதிய அதே அக்கறையோடு தோல்விக்கும் எழுதியிருக்கிறார்கள். இந்த கேமின் பெரிய பங்களிப்பு இதுதான் என்பேன். அதன் அரசியல் பேச்சு, ஓவியம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ராபர்ட் குர்விட்ஸ் உள்ளிட்ட முக்கியமான படைப்பாளிகள் பிறகு அந்த நிறுவனத்தை விட்டு விலக நேர்ந்ததும், அதன் மரபைச் சொல்லிக்கொண்டு 2024ல் ஒரே நேரத்தில் பல புதிய ஸ்டுடியோக்கள் முளைத்ததும் வேறு கதை.

டிஸ்கோவுக்குப் பின் நிறைய பேர் அந்த நீண்ட எழுத்தைத்தான் காப்பியடித்தார்கள். அதன் பகடை விதியின் அர்த்தம் புரிந்து வேறு திசையில் போனவர் கேரத் டாமியன் மார்ட்டின். 2022ல் வந்த 'சிட்டிசன் ஸ்லீப்பர்' அவருடையது. இந்தப் பத்தாண்டில் என் மனதுக்கு மிக நெருக்கமான ஆர்பிஜி அது.

ஒரு மனிதரின் மனதை நகலெடுத்து இயந்திர உடலில் வைத்திருக்கிறார்கள். அந்த உடல் எஸ்ஸென்-ஆர்ப் என்ற நிறுவனத்தின் சொத்து. அங்கிருந்து தப்பி, எர்லின்ஸ் ஐ என்ற பழைய விண்வெளி நிலையத்தில் ஒளிந்து வாழ்கிறீர்கள். ஒவ்வொரு நாளும் விழித்ததும் பகடைகள் விழுகின்றன. உடல் நன்றாக இருந்தால் ஐந்து. தேயத் தேய நான்கு, மூன்று, இரண்டு. அன்றைக்கு எந்த வேலை செய்தாலும் ஒரு பகடையைச் செலவழிக்க வேண்டும். உடைந்த கப்பல்களைப் பிரிக்கிற டிராகோஸிடம் வேலைக்குப் போகலாம், சாப்பாட்டுக் கடைக்குப் போகலாம், யாருக்காவது உதவலாம். ஆறு விழுந்த பகடையைப் போட்டால் வேலை பத்திரம். ஒன்றோ இரண்டோ போட்டால் அடிபட வாய்ப்புண்டு. உடல் தேய்வதைத் தடுக்க ஒரு மருந்து இருக்கிறது. விலை அதிகம், கிடைப்பதும் அரிது.

பெரும்பாலான ஆர்பிஜிகளில் பகடை காரியத்தின் முடிவில் உருளும். இதில் காலையிலேயே உருண்டுவிடுகிறது. "இன்றைக்கு உடம்பில் இவ்வளவுதான் இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறது. ஒன்று, ஒன்று, மூன்று என்று விழுந்த நாளில், வேலைக்குப் போய் அடிபடுவதா, பட்டினியாக அறையில் கிடப்பதா என்று திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். தினக்கூலிக்குப் போகிற ஒருவர் காலையில் எழுந்து காய்ச்சலோடு போடுகிற கணக்கு அது. அதை வசனமாக எழுதியிருந்தால் இரண்டு வரியில் கடந்து போயிருப்போம்.

இன்னொரு நுட்பம். நிலையத்தின் கணினி வலையில் ஊடுருவும்போது பெரிய எண் தேவையில்லை, அங்கே கேட்கிற குறிப்பிட்ட எண்தான் தேவை. வெளியுலகத்தில் ஒன்றுக்கும் உதவாத அந்த ஒன்றும் இரண்டும் அங்கே சாவியாகிவிடுகின்றன. நாள் மோசமாக விடிந்தாலும் முழுவதும் வீணாவதில்லை. இந்த கேமின் இரக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இந்த விதியைத்தான் காட்டுவேன்.

லெம் என்று ஒரு கப்பல் கட்டும் தொழிலாளி வருகிறார். மினா என்ற சின்னப் பெண் அவர் கூட இருக்கிறாள். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் மினாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நீங்கள் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் ஒரு பகடை போகும். அந்தப் பகடையில் கூலி சம்பாதித்திருக்கலாம். அன்புக்கு ஒரு விலை வைத்து, அந்த விலையை ஆடுகிறவரின் வயிற்றிலிருந்து எடுக்கிறது இந்த கேம். அதனால்தான் கடைசியில் புறப்படும் கப்பலில் அவர்களோடு போவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று கேட்கும்போது பொத்தானை அழுத்த மனம் வருவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பாதிக்கு மேல் போனபின் கையில் காசு புரளத் தொடங்குகிறது. மருந்து எளிதாகிறது, பசி மறந்துபோகிறது, காலை நேரப் பகடை வெறும் சடங்காகிவிடுகிறது. பற்றாக்குறையை வைத்துக் கட்டிய கேம், அந்தப் பற்றாக்குறை தீர்ந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. இரண்டாம் பாதியின் எழுத்து அழகாகவே இருக்கிறது, ஆனால் அதற்கு அடியில் இருந்த அழுத்தம் போய்விட்டது.

2025 ஜனவரி கடைசியில் வந்த இரண்டாம் பாகம், 'ஸ்டார்வர்ட் வெக்டர்', இதைச் சரிசெய்யப் பார்த்தது. மன அழுத்தம் ஏறினால் பகடைகளே சேதமாகி உடைகின்றன. உடைந்ததைச் சரிசெய்யாதவரை அந்த இடம் காலியாகவே இருக்கும். கப்பல் ஒன்று கையில் இருக்கிறது, கூட்டாளிகள் வருகிறார்கள், ஒப்பந்த வேலைக்குப் போகும்போது சாப்பாடும் நாட்களும் எண்ணி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த ஒப்பந்தங்களில் முதல் பாகத்தில் இல்லாத நடுக்கம் இருக்கிறது. நடு வழியில் இரண்டு பகடை உடைந்து, வேலையும் முடியாமல், திரும்பவும் முடியாமல் நிற்கிற நிலைமை ஒன்று வருகிறது பாருங்கள், அதுதான் கதை. ஆனால் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பதால் எந்த ஊரும் நமக்குச் சொந்தமாவதில்லை. முதல் பாகத்தில் ஒரே நிலையத்தில் தினமும் அதே சாப்பாட்டுக் கடை முகத்தைப் பார்த்துப் பார்த்து வந்த பாசம் இதில் வரவில்லை. விதியில் இரண்டாவது தேர்ந்தது, மனிதர்களில் முதலாவது.

இப்போது 'ப்ளூ பிரின்ஸ்'. 2025 ஏப்ரலில் வந்தது. தாத்தா முறையிலான ஹெர்பர்ட் சின்கிளேரின் மாளிகை சைமன் என்ற சிறுவனுக்கு உயிலில் வருகிறது, ஒரு நிபந்தனையோடு. நாற்பத்தைந்து அறைகள் கொண்ட அந்த வீட்டில் நாற்பத்தாறாவது அறையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகள் காட்டப்படும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது அந்த இடத்தில் அமையும். ஐம்பது அடிகளோடு நாள் தொடங்கும், அறைக்குள் நுழைய நுழைய அடி குறையும். நாள் முடிந்தால் வீடு மொத்தமும் கலைந்துவிடும். ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளச் சொல்லி கேமே அறிவுரை சொல்கிறது. கேளுங்கள், நோட்டு இல்லாமல் ஆடாதீர்கள்.

முதல் இருபது மணி நேரத்துக்கு இதைப் போன்ற கேம் வேறு கிடையாது என்று தயங்காமல் சொல்வேன். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் ஒரு சங்கதி, மேசை மேல் கிடக்கும் கடிதத்தில் ஒரு சங்கதி, இரண்டையும் இணைக்கும்போது வருகிற சிலிர்ப்பு உண்மையானது. ஒரு குடும்பத்தின் வரலாறும், காணாமல் போன ஒரு தாயின் கதையும், ஒரு நாட்டின் அரசியலும் யாரும் வாய்திறந்து சொல்லாமலே துண்டு துண்டாகச் சேர்கின்றன. தெரிந்துகொள்வதுதான் இங்கே லெவல் ஏறுவது. கையில் எதுவும் மிஞ்சாவிட்டாலும் தலையில் மிஞ்சுகிறது.

அதன் பிறகுதான் என் புகார். கொதிகலன் அறையில் நீராவியை முடுக்கி, அது ஆய்வுக்கூடம் வரை போய்ச் சேரும்படி இடையிலிருக்கும் அறைகளை அமைத்தால், அங்கே ஒரு இயந்திரம் வேலை செய்யும். இதைக் கண்டுபிடித்தாயிற்று. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் ஆய்வுக்கூடம் வருகிற நாளில் கொதிகலன் அறை வராது. இரண்டும் வருகிற நாளில் நடுவில் இருப்பது முட்டுச் சந்து. தாயக்கட்டையில் எல்லாக் காய்களும் கையில் தயாராக இருந்தும் தாயம் விழாமல் உட்கார்ந்திருப்பவரின் எரிச்சல் இது. தாயத்திலாவது அரை மணியில் ஆட்டம் முடியும். இங்கே ஒரு விடை சரியா என்று பார்க்கவே ஒரு மாலை போய்விடும். தேடும்போது அதிர்ஷ்டம் நண்பனாக இருந்தது, ஏனென்றால் எந்த அறை வந்தாலும் புதுசு. தெரிந்துகொண்ட பிறகு அதே அதிர்ஷ்டம் குறுக்கே நிற்கிறது. நிரந்தரமான சில வசதிகளைப் படிப்படியாகத் தருகிறார்கள் என்பது உண்மைதான். போதவில்லை. அறிவுக்குப் பரிசு தருவதாக வாக்குக் கொடுத்த கேம், அறிவு வந்தபின் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். இதைச் சொன்னால் பொறுமை இல்லாதவர்கள் என்று ரசிகர்கள் சொல்கிறார்கள். என் நேரத்தை மதிக்கச் சொல்வது பொறுமையின்மை இல்லை. இன்னொன்று, புதிர்களில் பல ஆங்கிலச் சொல் விளையாட்டுகள். ஆங்கிலத்தில் நல்ல பிடிப்பு இல்லாத ஒருவர் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் சில கதவுகள் அவருக்குத் திறக்காது.

கிளேர் ஒப்ஸ்க்யூருக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஓவியக்காரி ஒருத்தி தொலைதூரக் கல்லில் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதுக்காரர்கள் பூவிதழ்களாக உதிர்ந்து மறைகிறார்கள். கஸ்டாவ், தான் காதலித்த சோஃபியின் கையைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்தில் நிற்கும் தொடக்கக் காட்சி, கேம்களில் நான் பார்த்த சிறந்த தொடக்கங்களில் ஒன்று. எனக்கு அதைவிடப் பிடித்தது சின்ன விஷயம். முன்னால் போய் மடிந்த குழுக்கள் விட்டுப்போன குறிப்புகள் வழியெல்லாம் கிடைக்கின்றன. அவர்களில் ஒரு குழு பாறையில் அடித்து வைத்துவிட்டுப் போன பிடிகளைப் பற்றித்தான் நீங்கள் மலை ஏறுகிறீர்கள். செத்தவர்கள் போட்டுக்கொடுத்த வழியில் நடக்கிறோம் என்பதை கண்ட்ரோலரில் உணர வைத்துவிட்டார்கள். மூன்றாம் பகுதியில் அதையெல்லாம் கோட்டை விடுகிறார்கள். அடியின் அளவுக்கு இருந்த உச்சவரம்பு நீங்கிவிடுகிறது. கதையின் மிகக் கனமான சண்டைகளில் எதிரி வாயைத் திறப்பதற்குள் விழுந்துவிடுகிறான். இரண்டு மனிதர்களின் துக்கம் மோதுகிற கடைசிச் சண்டை எனக்கு சில நொடிகளில் முடிந்துபோனது. அந்த முடிவுக்காக அவ்வளவு எழுதியவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

'சீ ஆஃப் ஸ்டார்ஸ்' பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கியூபெக்கின் சபோடாஜ் ஸ்டுடியோ 2023ல் தந்தது, அந்த வருடத்தின் சிறந்த இண்டி கேம் விருதும் வாங்கியது. பிக்சல் ஓவியத்தில் தண்ணீர் மேல் வெளிச்சம் படுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் வேலேர், ஸேல் என்ற இரண்டு நாயகர்களின் வசனங்களை மாற்றி வைத்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. யாரைத் தேர்ந்தெடுத்து ஆடினாலும் ஒன்றுதான். கார்ல் என்ற சமையல்கார நண்பன் மட்டும் மனிதனாகத் தெரிகிறான். சண்டை விதி முதல் மணி நேரத்தில் எப்படியோ கடைசி வரை ஏறக்குறைய அப்படியே. பழைய ஜப்பானிய ஆர்பிஜிகள் மீதான காதல் எல்லாப் பக்கமும் வழிகிறது, சொல்வதற்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை.

அதே காதலோடு வந்த 'செயின்ட் எக்கோஸ்' (2022) கதை வேறு. மத்தியாஸ் லிண்டா என்ற ஜெர்மானியர் பெரும்பாலும் தனியாளாகச் செய்தது. சண்டையில் ஒரு பட்டை உண்டு. பச்சைப் பகுதியில் இருக்கும்வரை உங்களுக்குப் பலம். ஆசைப்பட்டு அடித்துக்கொண்டே போனால் சிவப்பைத் தொடும், அப்புறம் எதிரியின் அடி கூடுதலாக விழும். கதையோ, ஒரு மாபெரும் ஆயுதத்தைத் தெரியாமல் வெடிக்கவிட்ட கூலிப்படை வீரனைப் பற்றியது. அளவுமீறிய பலம் என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு சண்டையிலும் கை கற்றுக்கொள்கிறது. எழுத்து சில இடங்களில் தட்டையாக இருக்கிறது, பாத்திரங்கள் அதிகம். ஆனாலும் இரண்டில் எது உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

'ரோட்வார்டன்' (2022) பற்றி ஒரு வார்த்தை. நாற்பது நாள் கெடு, காட்டுப்பாதைக் காவலர் வேலை, முழுக்க எழுத்து. உடை அழுக்காக இருந்தால் ஊர்க்காரர்கள் உங்களை நடத்தும் விதம் மாறும். துவைப்பதா, தூங்குவதா, அடுத்த ஊருக்கு விரைவதா என்று நேரத்தைப் பிரிக்க வேண்டும். இவ்வளவு எளிய விதியில் ஒரு சமூகத்தையே காட்ட முடிகிறது. இன்னும் நிறைய பேர் ஆட வேண்டிய கேம்.

விதியே இல்லை என்று சிலர் ஒதுக்குகிற '1000எக்ஸ் ரெசிஸ்ட்' (2024) பற்றியும் சொல்ல வேண்டும். வான்கூவரின் சன்செட் விசிட்டர் குழு செய்தது, பீபாடி விருது பெற்றது. 2019 போராட்டங்களுக்குப் பின் ஹாங்காங்கிலிருந்து கனடா வந்த ஒரு குடும்பத்தின் மகள் ஐரிஸ். ஆயிரம் வருடம் கழித்து அவளுடைய நகல்கள் அவளைத் தாய்த் தெய்வமாக வணங்குகின்றன. ஒரு நகல், அவள் நினைவுக்குள் நுழைந்து பார்க்கிறது. அதே பள்ளி வராந்தாவில் நின்றபடியே வேறு வேறு காலங்களுக்குத் தாவுவதுதான் ஆட்டம். நேற்று பூட்டியிருந்த கதவு அடுத்த வருடத்தில் திறந்திருக்கும். நினைவு வேலை செய்வதும் அப்படித்தானே. அம்மா தன் பயத்தை மகளுக்குக் கொடுப்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கேம் வேறு எனக்குத் தெரியாது. ஆனால் நகல்கள் வாழும் அந்த மைய இடம் ஒரு சோதனை. ஒரே மாதிரி நடைபாதைகளில் யாரையோ தேடி அலைந்து அலைந்து கதையின் வேகமே செத்துவிடுகிறது.

'சான்ட்ஸ் ஆஃப் செனார்' (2023) அதற்கு நேர் எதிர். துலூஸ் நகரத்தில் இருவர் செய்தது. ஒருவரோடு ஒருவர் பேசாத மக்கள் அடுக்கடுக்காக வாழும் கோபுரம். எழுத்துக் குறிகளை ஊகித்து நோட்டில் எழுதி, மொழிகளைக் கற்று, அவர்களை நீங்கள் பேச வைக்க வேண்டும். கதையும் விதியும் ஒன்றேதான். காவலர் கண்ணில் படாமல் பதுங்கிப்போகிற பகுதிகளை மட்டும் எடுத்திருந்தால் குறையே சொல்லியிருக்க மாட்டேன்.

கடைசியாக 'வெண்பா'. 2023ல் டொரொண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது. இண்டிபெண்டெண்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும் பரிசும், பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் 2024ல் கிடைத்தன. 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்தும் கறைபட்டும் போன அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு. இட்லியில் தொடங்குகிறது. அழிந்த வரிகளை நாமே யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும் என்ற எண்ணம் அருமையானது. நம் வீட்டுச் சத்தம், நம் வீட்டுக் கோபம், நம் பாத்திரங்கள். எனக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. அதனாலேயே கறாராகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். தப்பாகச் சமைத்தால் ஒன்றும் ஆவதில்லை, மறுபடி செய்தால் போதும். குடும்பம் பணத்துக்குத் திண்டாடுகிறது என்று கதை சொல்கிறது, அடுப்பில் அந்தத் திண்டாட்டம் இல்லை. ஒரு கறி கருகியிருந்தால், அன்றைக்கு மகன் கவின் சாப்பிடாமலே பள்ளிக்குப் போயிருந்தால், அந்த வீட்டின் வலி என் கையில் வந்திருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தும்விடுகிறது. அந்தக் குழுவிடம் இதைவிடப் பெரிய கேம் ஒன்று இருக்கிறது என்று நம்புகிறேன், அதற்காகக் காத்திருக்கிறேன்.

தமிழில் கேம் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். வீடியோவாகவும் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிராபிக்ஸ் எப்படி, எத்தனை மணி நேரம், பத்துக்கு எத்தனை என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த கேம் உங்களை என்ன செய்ய வைத்தது, அதற்கு என்ன விலை கேட்டது என்று எழுதுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள் முதல் 'சிட்டிசன் ஸ்லீப்பர்' ஆடுங்கள். ஆடி முடித்ததும் லெம்மோடும் மினாவோடும் கப்பல் ஏறினீர்களா, அங்கேயே இருந்துவிட்டீர்களா என்று எனக்கு எழுதுங்கள்.